மங்கும் நிறம், தேயும் கட்டை: ஜப்பானிய மர அச்சை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பார்க்காத ஆள் இன்று அபூர்வம். டீ-ஷர்ட்டில் இருக்கிறது, செல்போன் உறையில் இருக்கிறது, 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புது 1,000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் இருக்கிறது. சரி, அந்த அலையை ஹொகுசாய் தன் கையால் வரைந்த தாள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. இருக்கவும் வழியில்லை. அவர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைந்து கொடுத்ததைச் செதுக்குபவர் வாங்கி, செர்ரி மரப் பலகையின் மேல் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தாளோடு சேர்த்தே உளியால் எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அச்சுக்குப் போன எல்லாப் படத்துக்கும் அதுதான் கதி.

அச்சேறாமல் போனவைதான் தப்பின. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2020-இல் வாங்கிய ஹொகுசாயின் 103 சிறு ஓவியங்கள் அப்படிப் பிழைத்தவை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் காட்டும் ஒரு படப் புத்தகத்துக்காக அவர் வரைந்தவை அவை. புத்தகம் வெளிவரவே இல்லை. வந்திருந்தால் இன்று நமக்கு அச்சுப் பிரதிகள் கிடைத்திருக்கும், ஓவியங்கள் கிடைத்திருக்காது.

ஆக, இந்தக் கலையில் அசல் எது என்று தேடிப் போனால் சிக்குவது மூன்று: பல ஆயிரம் பிரதிகளில் தப்பிய ஒரு தாள், அதை அடித்த கட்டை, கட்டையைச் செதுக்கவும் அடிக்கவும் தெரிந்த கை. தாள் வெளிச்சத்தில் மங்குகிறது. கட்டை அடிக்க அடிக்கத் தேய்கிறது. தேய்ந்ததை இழைத்துவிட்டு அதிலேயே வேறு படம் செதுக்குவது வழக்கம், ஏனென்றால் நல்ல செர்ரிப் பலகை சும்மா கிடைப்பதில்லை. மிச்சமிருப்பது கை. மர அச்சைப் பாதுகாப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் தாளைச் சுற்றியே நடக்கிறது. என் கணக்கில் கைதான் முக்கியம். அதைக் காப்பது அருங்காட்சியகத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எதோ என்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோவில் 1765-ஐ ஒட்டி முழு வண்ண அச்சு பிடித்துக்கொண்டது. வசதியான ரசிகர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள அடித்த நாட்காட்டிப் படங்கள்தான் தொடக்கம். சுசுகி ஹருநோபு அதில் முன்னால் நின்ற பெயர். அப்புறம் அது கடைச்சரக்கானது. பதிப்பாளர் முதல் போடுவார், ஓவியர் வரைவார், ஒருவர் செதுக்குவார், இன்னொருவர் அடிப்பார். ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் படத்தில் இருக்கும். செதுக்கியவர், அடித்தவர் பெயர்கள் அபூர்வமாகத்தான் இடம்பெற்றன. பேரலையை வெளியிட்டவர் நிஷிமுராயா யோஹாச்சி, 1831 வாக்கில். செதுக்கியது யார் என்று அந்தத் தாளில் இல்லை.

செதுக்குபவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. உடை, பின்னணி போன்றவற்றை இளையவர் செய்வார். முகமும் தலைமுடியும் மூத்தவருக்கு. பெண்களின் நெற்றியோரத்தில் முடி தொடங்கும் இடத்தைக் கவனித்துப் பார்த்தால் தெரியும், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு மூன்று முடி ஓடும். அவ்வளவையும் மரத்தில் மேடாக நிறுத்தி வைக்க வேண்டும். ஓவியர் பல நேரம் அந்த இடத்தில் ஒவ்வொரு முடியாக வரைந்து தருவதும் இல்லை. செதுக்குபவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்.

ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டால், பத்துப் பதினைந்து தடவை அதே தாளை வெவ்வேறு கட்டைகளின் மேல் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். நிறம் கோட்டைத் தாண்டாமல் இருக்க ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு சின்ன அடையாளங்கள் செதுக்கியிருப்பார்கள்: ஒரு மூலையில் செங்கோணமாக ஒன்று, அதே விளிம்பில் தள்ளி நேர்க்கோடாக ஒன்று. கென்தோ என்று பெயர். தாளின் மூலையை முதலாவதில் முட்டக் கொடுத்து, விளிம்பை இரண்டாவதில் சாய்த்து, கையை விட்டால் தாள் சரியான இடத்தில் விழும். இதில் ஒரு சிக்கல், தாள் ஈரமாகத்தான் இருக்க வேண்டும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் நிறம் தள்ளிப்போகும். மரமும் ஈரத்தில் உப்பும். அதனால் வேலை நடுவில் அடிப்பவர் சின்ன உளியை எடுத்து கென்தோவை ஒரு இழை சீவுவார். இல்லாவிட்டால் ஒரு சிம்பை வைத்து ஒட்டுவார். எவ்வளவு என்பதை அன்றைய வானிலையும் அவர் விரலும் தீர்மானிக்கும்.

நிறம் ஓரிடத்தில் அடர்ந்து தொடங்கி மெல்ல ஒன்றுமில்லாமல் கரைவதைப் பார்த்திருப்பீர்கள், ஓவியர் ஹிரோஷிகேயின் வானங்களில் மேல் விளிம்பு முழுக்க அப்படித்தான் இருக்கும். பொகாஷி என்பது அதற்குத் தொழில்காரர்கள் சொல்லும் பெயர். அந்தக் கரைவு பெரும்பாலும் கட்டையில் செதுக்கப்படுவதில்லை. கட்டை தட்டையாகவே இருக்கும். அடிப்பவர் ஈரத்துணியால் ஒரு பக்கத்தைத் துடைத்து, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் எடுத்துத் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக அந்தச் சாயலை உண்டாக்குவார். நூறு பிரதி என்றால் நூறு தடவை. நாளைக்கே ஒரு படத்தின் முழுக் கட்டைகளும் ஏதோ பழைய கிடங்கில் கிடைத்தாலும், வானம் எப்படி இருந்தது என்பது அந்த மரத்தில் இருக்காது. ஹிரோஷிகே 1856-இல் தொடங்கிய எதோ நகரக் காட்சிகள் வரிசையில் முதல் அச்சுகளில் இருக்கும் நுணுக்கமான பொகாஷிகள் பிந்திய அச்சுகளில் காணாமல் போயிருக்கும். கட்டை அதேதான். வேகமாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

ஆய்வாளர்களுக்கு இதுவே துப்பாகவும் ஆகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விஞ்ஞானி கேப்புசின் கோரன்பெர்க் உலகெங்கும் இருக்கும் பேரலைப் பிரதிகளைத் தேடித் தொகுத்தார். நூற்றுக்குச் சற்று மேல்தான் கிடைத்தன. மொத்தம் 8,000 வரை அடித்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மீதி தீயிலும் கரையானிலும் குப்பையிலும் போயிருக்கும், ஏனென்றால் அன்று அதன் விலை ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு முன்பின். தலைப்பு எழுதிய கட்டத்தின் கோடு எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பிரதியில் அந்த உடைவு பெரிதாகிறது என்று ஒப்பிட்டு, எது முந்தி அடித்தது எது பிந்தியது என்று வரிசைப்படுத்துகிறார்கள். மரத்தில் விழுந்த உடைவு தானாகச் சேராது என்பதால் இந்த வரிசை நம்பகமானது. முந்திய பிரதிகளில் வானத்தில் இளஞ்சிவப்பு மேகம் ஒன்று தெரியும். நாம் பார்த்துப் பழகிய பேரலைகள் பலவற்றில் அது மங்கி, இருந்த சுவடே இல்லை.

தேதி கண்டுபிடிக்க இன்னொரு வழி தணிக்கை. 1790-இலிருந்து ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசு அச்சுப்படங்களுக்கு அனுமதி முத்திரை கட்டாயமாக்கியது. 1850-களில் அந்த முத்திரைகளோடு விலங்கு ஆண்டின் குறியும் மாதமும் சேர்ந்தன. எலி ஆண்டு எட்டாம் மாதம் என்று படத்திலேயே எழுதியிருந்தால் ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்? மக்களை அடக்க வந்த ஏற்பாடு கலை வரலாற்றுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்திருப்பது வேடிக்கைதான்.

இன்று ஒப்பிடுகிற வேலையில் கணினியும் சேர்ந்துகொண்டது. கியோத்தோவின் ரித்சுமெய்கான் பல்கலைக்கழகம் பெரிய படத் தரவுத்தளம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. இணைய நிரல் எழுதுபவர்களுக்கு ஜெக்வெரி தெரிந்திருக்கும். அதை உருவாக்கிய ஜான் ரெசிக் ஜப்பானிய அச்சுப்படப் பைத்தியம். பல நாட்டு அருங்காட்சியகங்கள், விற்பனையாளர்கள் தொகுப்புகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒரு படத்தைக் கொடுத்தால் அதன் மற்றப் பிரதிகளைக் காட்டும் தேடலை 2012-இல் வெளியிட்டார். முன்பு பாஸ்டனுக்கும் டோக்கியோவுக்கும் பறந்து பார்த்தால்தான் தெரியும் வேறுபாடுகள் இப்போது ஒரே திரையில் தெரிகின்றன.

நிறத்தின் கதை தனி. அந்தக் காலத்து அச்சுக்காரரின் கிண்ணங்களில் இருந்தவற்றில் பாதி நம் நாட்டுமருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்தவை: மஞ்சள், அவுரி, அரிதாரம், சாதிலிங்கம், பளபளப்புக்கு அப்பிரகம். சிவப்புக்கு குசும்பப் பூ. நீலத்துக்கு ஒரு சின்னக் காட்டுப்பூவின் சாறு. அதைப் போல நம்ப முடியாத நிறம் வேறில்லை, ஈரம் பட்டாலே ஓடும், வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். 18-ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஆறும் வானமும் மண் நிறமாக இருப்பதைப் பார்த்து, ஜப்பானியர்களுக்கு அடங்கிய நிறங்கள்தான் பிடிக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது ரசனை இல்லை, சாயம் போனது. 1829 வாக்கில் ஜெர்மானியக் கண்டுபிடிப்பான பிரஷ்ய நீலம் அச்சுக்கு வந்த பிறகுதான் நீலம் நிலைத்தது. பேரலை இன்றும் நீலமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பழைய நிறங்கள் உண்மையில் எப்படி இருந்தன என்பதற்கு மிகச் சிறந்த சாட்சி பாஸ்டனில் இருக்கிறது. ஸ்போல்டிங் சகோதரர்கள் தங்களிடம் இருந்த 6,000-க்கும் மேற்பட்ட அச்சுப்படங்களை 1921-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: எந்தக் காலத்திலும் இவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது. அன்று அது கஞ்சத்தனமாகத் தெரிந்திருக்கும். இன்று ஹருநோபுவின் ஊதாவும் இளஞ்சிவப்பும் புதிதாக அடித்தது போல நிற்பது அந்தப் பெட்டிகளில்தான். படத்தைத் தொடாமல், ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளந்து எந்தச் சாயம் என்று சொல்லும் கருவிகள் வந்த பிறகு, இந்த மங்காத தாள்கள் ஒப்பிடுவதற்கான அளவுகோலாகிவிட்டன. மற்ற அருங்காட்சியகங்களும் காட்சி வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற மங்கலான அளவில் வைத்து, சில வாரங்கள் காட்டிவிட்டுப் படத்தை வருடக்கணக்கில் உள்ளே வைத்துவிடுகின்றன. டோக்கியோ ஹராஜுகுவில் உள்ள ஓத்தா நினைவு அருங்காட்சியகத்தில் சுமார் மாதம் ஒருமுறை கண்காட்சியே மாறும். பேரலையைப் பார்க்கவென்றே லண்டன் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் அருங்காட்சியகத்தைத் திட்டிப் பயனில்லை.

ஸ்போல்டிங் தொகுப்பில் பெரும்பங்கை ஜப்பானில் வாங்கிக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். அவர் கட்டடத்தைப் போலவே அச்சுப்பட வியாபாரத்திலும் ஆழமாக இறங்கியிருந்தவர். பின்னர் அவர் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு விற்ற சில படங்களில் தில்லுமுல்லு வெளிப்பட்டது: மங்கிப்போன உண்மையான பழைய தாள்களின் மேல், புதுக் கட்டை செதுக்கி, நிறத்தை மட்டும் மறுபடி அடித்திருந்தார்கள். தாள் அசல், கோடு அசல், நிறம் போலி. ரைட்டே ஏமாற்றப்பட்டவர்தான், படங்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மோசடிதான், ஆனால் நூற்றாண்டு கழிந்த தாளில் கோட்டுக்குள் பிசகாமல் நிறம் இறக்கும் கைகள் அன்று ஜப்பானில் இருந்தன என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

அந்தக் கைகளுக்கு நேர்மையான வேலை குறைந்துகொண்டிருந்த காலம் அது. 1868-க்குப் பிறகு புகைப்படம், கல்லச்சு, செய்தித்தாள் எல்லாம் வந்து, மர அச்சு செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. வாதனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கூட்டுமுறையிலேயே புது ஓவியர்களை வைத்துப் படங்கள் வெளியிட்டார். வாங்கியவர்களில் வெளிநாட்டார் ஏராளம். 1923 நிலநடுக்கத்தின் தீயில் அவர் கடையும் கட்டைகளும் சாம்பலாயின. மறுபடியும் தொடங்கினார். அவருடைய முக்கிய ஓவியர் கவாசே ஹசுய் தன் வரைபடக் குறிப்பேடுகளை எல்லாம் அதே தீயில் இழந்தவர்.

அரசு உள்ளே வந்தது போருக்குப் பிறகு. பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் 1950-இல் வந்தது, அதில் பொருளோடு தொழில்நுணுக்கமும் காக்கப்பட வேண்டிய சொத்து என்று சேர்ந்தது. அதையொட்டி ஹசுயிடம் ஒரு படம் கேட்டார்கள். 1953-இல் முடிந்த அந்த 'ஸோஜோஜி கோயிலில் பனி' நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை தாளை அடித்து உருவானது; வேலையின் படிகளைப் பதிவு செய்து வைத்தார்கள். 1978-இல் செதுக்குபவர்களும் அடிப்பவர்களும் சேர்ந்த சங்கம் பாதுகாக்கப்பட்ட நுட்பத்தின் பொறுப்பாளராக அங்கீகாரம் பெற்றது. 2007-இல் எதோ மர அச்சுக்கு மரபுக் கைவினை என்ற அரசு முத்திரையும் கிடைத்தது.

பதிவு நல்லதுதான். ஆனால் நாற்பது படிகளின் பதிவைப் பார்த்து யாரும் பொகாஷி அடிக்கப் பழகிவிட முடியாது. தினமும் நூறு தாள் அடித்தால்தான் கை படியும். நூறு தாள் அடிக்க நூறு தாளை வாங்க ஆள் வேண்டும். டோக்கியோ மெஜிரோவில் உள்ள அதாச்சி மர அச்சு நிறுவனம் 1928-இல் தொடங்கியதிலிருந்து செய்வது இதைத்தான். ஹொகுசாய், ஹிரோஷிகே, உதமாரோ என்று சுமார் 1,200 பழைய படங்களைப் புதுக் கட்டை செதுக்கி அடித்து விற்றிருக்கிறார்கள். 1994-இல் ஒரு அறக்கட்டளையும் வைத்து, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நகல்தானே என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நகல் என்று சொல்லியே விற்கிறார்கள் என்பதால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. இன்னொன்று, அந்த நகல்கள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருப்பதாகப் பலர் குறைப்படுவதும் சாயம் போன தாள்களைப் பார்த்துப் பழகிய கண்ணின் குறை.

கையைக் காப்பது என்றால் கையில் பிடிக்கும் பொருளையும் காக்க வேண்டும். இதில்தான் நிலைமை கவலைக்கிடம். நிறத்தைத் தாளுக்கு ஏற்றுவது இயந்திர அழுத்தம் இல்லை, பாரென் என்ற வட்டத் தேய்ப்பான். உள்ளங்கை அளவு. உள்ளே மூங்கில் மடலை மெல்லிய நாராகக் கிழித்து, முறுக்கி, பின்னி, சுருளாகச் சுற்றிய கயிறு. அதன் முடிச்சுகள்தான் நிறத்தைத் தாளின் நாருக்குள் தள்ளுகின்றன. அதைத் தாங்கும் தட்டு பல அடுக்குத் தாளை ஒட்டி அரக்குப் பூசியது. மேலே ஒரு முழு மூங்கில் மடலை இறுக்கிக் கட்டி, அடிக்கடி காமேலியா எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். கயிறுக்கு ஏற்ற வெளிர் மடல் தரும் மூங்கில் க்யூஷூ தீவின் யாமே பக்கம் வளர்கிறது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள் குறைந்தால் மடலும் குறையும். முறையாகச் செய்யத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், விலையோ ஒரு லட்சம் யென்னைத் தாண்டும். பழகுகிறவர்கள் பிளாஸ்டிக் தேய்ப்பானில் தொடங்குகிறார்கள். குதிரைமுடித் தூரிகையும் அப்படியே பயன்படுத்துகிற பொருளில்லை. நுனியைப் பொசுக்கி, சுறாத் தோலில் தேய்த்துத் தேய்த்து முடி பிளந்து மெத்தென்று ஆன பிறகுதான் கட்டையில் கோடு விழாது.

தாள் எச்சிசென் பகுதியிலிருந்து வருகிறது. காகித மல்பெரி நாரை மட்டும் வைத்து, தூசி துரும்பைக் கையாலேயே பொறுக்கி எடுத்துச் செய்யும் ஹோஷோ தாள். அதைச் செய்யும் ஒன்பதாம் இவானோ இச்சிபெய் 2000-இல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆனார். அவர் அப்பா எட்டாம் இச்சிபெய்யும் 1968-இல் அதே பட்டம் பெற்றவர். இருபது தடவை ஈரத்தோடு அழுத்தித் தேய்த்தாலும் நீளாமல், பொடியாமல் நிற்கிற தாள் அது. நிறம் ஊறிப் பரவாமல் இருக்க அதன் மேல் விலங்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசுவார்கள். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதே இனம். இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குடும்பத் தொழில், ஒன்று நின்றால் மற்றது தடுமாறும். செதுக்குபவருக்குப் பட்டம் கொடுப்பது சுலபம். பலகை இழைப்பவருக்கும் மூங்கில் மடல் பொறுக்குபவருக்கும் யார் என்ன கொடுப்பது என்பது இன்னும் தீராத கேள்வி.

வேலை எங்கிருந்து வரும் என்பதற்கு இரண்டு விதமான பதில்களைப் பார்க்கிறேன். அதாச்சி 2015-இல் யாயோய் குசாமாவின் ஃபூஜி மலைப் படத்தை மர அச்சாகக் கொண்டுவந்தது. செதுக்கியவர் 14,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாக மரத்தில் எடுத்தார். பெரிய ஓவியர், பெரிய விலை. இன்னொரு பக்கம் டேவிட் புல். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், 1986-இல் ஜப்பானுக்குக் குடிபெயர்ந்தார். எந்தப் பரம்பரைப் பட்டறையிலும் சீடராக இருந்தவர் இல்லை. பழைய ஓவியர் கட்சுகாவா ஷுன்ஷோவின் நூறு கவிஞர் படங்களையும் 1989-இலிருந்து வருடத்துக்குப் பத்து வீதம் பத்தே வருடத்தில் தானே செதுக்கித் தானே அடித்து முடித்தார். இப்போது அசாகுசாவில் கடையும் பட்டறையும் வைத்து, யூடியூபில் வேலையைக் காட்டி, புதியவர்களைச் சம்பளத்துக்கு எடுத்துப் பழக்குகிறார். 2012-இல் அமெரிக்க ஓவியர் ஜெட் ஹென்றியோடு சேர்ந்து வீடியோ கேம் நாயகர்களை உகியோ-எ எனப்படும் இந்தப் பழைய அச்சுப்படப் பாணியில் அச்சடித்தபோது, கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதிதிரட்டும் தளத்தில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

மரபு கெட்டுவிட்டது என்று இதற்கும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் எதோ நகரின் பதிப்பாளர்கள் விற்றதும் அந்த வாரம் மேடையேறிய கபுகி நடிகர்களையும், சுமோ மல்லர்களையும், தேநீர்க்கடை அழகிகளையும்தான். நடிகர் படத்துக்கு இருந்த கிராக்கிதான் அன்று செதுக்குபவர் வீட்டில் அடுப்பெரியச் செய்தது.